மாட் மலையும் அரை மில்லிமீட்டரும்

என் கணினித் திரையில் நாலைந்து வருடம் ஒரே படம்தான் இருந்தது. கொதிக்கிற ஆரஞ்சு நிறத்தில் ஒரு தரை, அதன்மேல் மெழுகு வழிந்த மாதிரி பரவிக் கிடக்கும் எரிமலைக்குழம்பு, பின்னால் கறுத்த வானத்தை முட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பெரிய மலை. வெள்ளிக் கோளின் மாட் மான்ஸ் என்ற எரிமலை. கோள்களைப் பற்றிக் கொஞ்சமாவது படிக்கிறவர்கள் கண்ணில் இது படாமல் போயிருக்காது. ஒருநாள் மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இந்த மலைல யாராலயும் ஏறவே முடியாதுல்ல?" என்று கேட்டாள். "முடியாதும்மா, அவ்வளவு செங்குத்து" என்றேன். அங்கே 465 டிகிரி வெப்பம், நம் காற்றழுத்தத்தைப் போல 90 மடங்குக்கும் மேல் அழுத்தம், மேலே கந்தக அமில மேகம். ஏற முடியாததற்கு எத்தனையோ சரியான காரணம் இருந்தது. அத்தனையையும் விட்டுவிட்டு நான் சொன்னது மட்டும்தான் தப்பு.

தப்பு என்று தெரிந்தது பல மாதம் கழித்து. அந்தப் படத்தோடு வந்த குறிப்பை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். செங்குத்து அளவு 22.5 மடங்கு கூட்டிக் காட்டப்பட்டிருக்கிறது என்று அதிலேயே எழுதியிருந்தது. அதே மலையின் இன்னொரு படத்தில் 10 மடங்கு. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். மாட் மான்ஸ் சுற்றியுள்ள சமவெளியிலிருந்து கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் உயரம். குறுக்களவு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். அப்படியென்றால் அடிவாரத்திலிருந்து உச்சிக்கு 200 கிலோமீட்டர் போனால் 5 கிலோமீட்டர் ஏறியிருப்போம். 40 மீட்டர் நடந்தால் 1 மீட்டர். சரிவு சராசரியாக ஒன்றரை டிகிரிகூட இல்லை. அதை 22.5-ஆல் பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 29 டிகிரி வருகிறது. நான் மகளிடம் செங்குத்து என்று சொன்னது அந்தப் பெருக்கலைப் பார்த்துத்தான்.

மாட் என்பது எகிப்தியர்களின் உண்மைக்கும் நீதிக்குமான தெய்வம். வெள்ளியின் நிலவடிவங்களுக்கு, மூன்றைத் தவிர, எல்லாமே பெண்களின் பெயர்கள். அந்த வரிசையில் இந்த மலைக்கு வாய்த்தது உண்மையின் தெய்வம். இது தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நியாயமாகப் பார்த்தால் யாரும் எதையும் மறைக்கவில்லை. குறிப்பு இருக்கிறது. தரையின் நிறம்கூட எங்கிருந்து வந்தது என்று சொல்லியிருக்கிறார்கள்: 1982-இல் தரையிறங்கிய சோவியத் விண்கலங்களான வெனேரா 13, 14 எடுத்த வண்ணப் படங்களிலிருந்து. ஆனால் படம் குறிப்பைவிட வேகமாக ஓடுகிறது. எங்கே போனாலும் படம் போய்ச் சேர்ந்துவிடுகிறது, குறிப்பு வழியிலேயே தங்கிவிடுகிறது. இந்த வருத்தம் எனக்கு மட்டும் வந்ததில்லை. படங்கள் வெளியான காலத்திலேயே, 1992-இல், நாசாவின் டேவிட் மாரிசன் 'தட்டை வெள்ளிக் கழகம்' என்று ஒன்றைத் தொடங்குவோம் என்று எழுதினார். வெள்ளியின் பெரும்பகுதி மெல்ல ஏறி இறங்கும் சமவெளி, அதை மக்களுக்கு அப்படியே காட்ட வேண்டும் என்பது அவர் கவலை. எனக்கு அவர் பக்கம்தான் மனசு சாய்கிறது. ஆனாலும் மேடு பள்ளத்தைக் கூட்டிக் காட்டுவதால் ஆய்வாளர்களுக்குப் பயன் உண்டு. ஒன்றரை டிகிரிச் சரிவைக் கண்ணால் பார்த்து, குழம்பு எந்தப் பக்கம் ஓடியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதனால் ரொம்ப நாள் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்றுகொண்டிருந்தேன்.

என் கட்சி முடிவானது எப்போது என்றால், அந்த மென்மையான சரிவுதான் மலையின் கதையே என்று புரிந்தபோது. தண்ணீராக ஓடும் குழம்பு வெகுதூரம் போய்ப் படியும்; அடுக்கின்மேல் அடுக்காகச் சேர்ந்து, கவிழ்த்துப்போட்ட கேடயம் மாதிரி அகலமான மலையாகும். கெட்டியான குழம்பு வாயருகிலேயே குவிந்துவிடும். வெள்ளியில் இரண்டுமே இருக்கின்றன. ஆல்ஃபா ரீஜியோ என்ற மேட்டுநிலத்தின் கிழக்கு ஓரத்தில் ஏழு வட்டக் குவிமாடங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 25 கிலோமீட்டர் அகலம், அதிகபட்சம் 750 மீட்டர் உயரம், மேலே கிட்டத்தட்டத் தட்டை, ஓரத்தில் மட்டும் சட்டென்று இறக்கம். மேலிருந்து பார்த்தால் காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம் போல இருக்கும். கெட்டியான குழம்பு நிதானமாக நாலா பக்கமும் பிதுங்கி வந்து நின்ற வடிவம் என்றுதான் பெரும்பாலோர் அதைப் படிக்கிறார்கள். இந்தப் பக்கம் மாட் மான்ஸ், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு நாக்கு நீட்டிய குழம்போடு. வெள்ளியின் காற்றழுத்தமும் இதற்கு ஒத்தாசை. அவ்வளவு கனமான காற்று மேலே உட்கார்ந்திருக்கும்போது குழம்புக்குள் கரைந்திருக்கும் வாயு எளிதில் குமிழிட்டு வெளியே வராது. அதனால் வெடித்துச் சிதறுவது குறைவு, வழிந்து ஓடுவது அதிகம். இதெல்லாம் அந்த ஒன்றரை டிகிரியில் எழுதியிருக்கிறது. 29 டிகிரி என்று காட்டினால் வேறு குழம்பு, வேறு காற்று, வேறு கோள் ஆகிவிடுகிறது.

செவ்வாயிலும் இதே கதைதான். 22 கிலோமீட்டர் உயர ஒலிம்பஸ் மான்ஸ் என்றதும் எல்லோர் மனசிலும் ஒரு கூர்மையான சிகரம் வந்து நிற்கிறது. அது 600 கிலோமீட்டர் அகலத்துக்குப் படுத்துக் கிடக்கும் மலை. சரிவு சுமார் 5 டிகிரி. அடிவாரத்தைச் சுற்றி சில இடங்களில் 8 கிலோமீட்டர் வரை உயரமுள்ள பாறைச் சுவர் இருக்கிறது, அது நிஜமாகவே பயங்கரம். அதைத் தாண்டி மேலே போய்விட்டால், மலைமேல்தான் நிற்கிறோம் என்பதே கண்ணுக்குத் தெரியாது. செவ்வாயில் நிற்கிறவருக்குத் தொடுவானமே மூன்றரை கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. அந்த மலையை மலையாகப் பார்க்கச் சுற்றுப்பாதைக்குத்தான் போக வேண்டும். 1971 நவம்பரில் மாரினர் 9 அங்கே போய்ச் சேர்ந்தது. இன்னொரு கோளைச் சுற்றிவந்த முதல் விண்கலம். போனபோது கோள் முழுக்கப் புழுதிப் புயல், எதுவுமே தெரியவில்லை. மங்கலான அந்தப் பரப்பில் நாலே நாலு கரும்புள்ளிகள். வாரக்கணக்கில் புழுதி கொஞ்சம் கொஞ்சமாக அடங்க அடங்க, அந்தப் புள்ளிகள் நாலும் புயலுக்கும் மேலே தலைநீட்டிய எரிமலை உச்சிகள் என்று தெரியவந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் உள்வாங்கிய பெருவாய். கோள்களை ஆராய்ந்தவர்களுக்கு வாய்த்த தருணங்களில் நான் அதிகம் பொறாமைப்படுவது இதைத்தான். புழுதி மெல்ல இறங்குகிறது, மலைகள் தலையிலிருந்து காலுக்குத் தெரிய ஆரம்பிக்கின்றன.

வெளிச்சம் இல்லாத படம்

வெள்ளிக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அங்கே மேகம் விலகுவதே இல்லை. 1990 ஆகஸ்டில் போய்ச் சேர்ந்த மகெல்லன் விண்கலம் மேகத்தைத் துளைக்கும் ரேடார் அலைகளைப் பக்கவாட்டில் அனுப்பி, திரும்பி வந்ததை வைத்துப் படம் செய்தது. துருவத்துக்குத் துருவம் ஓடும் ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 20 கிலோமீட்டர் அகலமும் பல ஆயிரம் கிலோமீட்டர் நீளமும் கொண்ட ஒரு பட்டை. அந்தக் குழுவினர் அவற்றை நூடுல்ஸ் என்றே அழைத்தார்கள். அப்படிப் பட்டை பட்டையாக 98 சதவீதத் தரையை அளந்து முடித்தது.

திரையிலிருந்த வண்ணப் படத்தை எடுத்துவிட்டு இந்தக் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். முதல் இரண்டு வாரம் நான் பார்த்த அத்தனையும் தப்பு. வெள்ளையாக இருந்தால் வெளிச்சம், கறுப்பாக இருந்தால் நிழல் என்றே கண் எடுத்துக்கொண்டது. ரேடார் படத்தில் வெள்ளை என்றால் பெரும்பாலும் கரடுமுரடு, கறுப்பு என்றால் வழவழப்பு. மகெல்லனின் அலைநீளம் 12.6 சென்டிமீட்டர், உள்ளங்கை அளவுள்ள கற்கள் சிதறிக் கிடக்கும் குழம்புத் தரை பளீரென்று வெளுத்துவிடும், பாளமாக உறைந்த தரை கறுத்துப் போகும். அதோடு ரேடாரைப் பார்த்து நிற்கும் சரிவும் வெளுக்கும். அதனால் ஒரு வெள்ளைத் திட்டு மேடாகவும் இருக்கலாம், பழைய குழம்பின்மேல் படிந்த புதுக் குழம்பாகவும் இருக்கலாம். போதாததற்கு, பக்கவாட்டில் பார்ப்பதால் மலைகள் ரேடார் இருக்கும் பக்கமாகச் சாய்ந்து, அந்தப் பக்கச் சரிவு குறுகிப்போய்த் தெரியும்.

இன்னொன்று எனக்கு நிஜமாகவே தலை சுற்ற வைத்தது. மகெல்லன் முதல் சுற்றுவரிசையில், அதாவது கோள் தன்கீழ் ஒருமுறை முழுசாகத் திரும்பி முடியும்வரை, ஒரு பக்கம் பார்த்தது, இரண்டாவதில் எதிர்ப்பக்கம். வரைபடத்தில் பார்த்தால், முதல் வரிசையில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்கும், இரண்டாவதில் வலப்பக்கத்திலிருந்து. முதல் படத்தில் ஒரு குவிமாடத்தின் இடப்பக்கம் வெளுக்கும். ஒரு குழிக்கோ வலப்பக்கச் சுவர் வெளுக்கும், ஏனென்றால் அந்தச் சுவர்தான் ரேடாரைப் பார்த்து நிற்கிறது. இரண்டாவது படத்தில் எல்லாம் இடம் மாறிவிடும். அதாவது முதல் படத்தில் மேடு எப்படித் தெரிந்ததோ, அதே மாதிரி இரண்டாவது படத்தில் குழி தெரியும். எது எந்த வரிசை என்று தெரியாமல் படத்தை எடுத்துப் பார்த்தால் மலையும் பள்ளமும் ஒன்றுக்கொன்று வேஷம் போடும். ஒரு குழியை இரண்டு நாள் நான் குவிமாடம் என்றே நினைத்து, அதன் உயரத்தைக்கூட மனசுக்குள் மதிப்பிட்டு வைத்திருந்தேன்.

பிப்ரவரியும் அக்டோபரும்

இந்த நிலையில்தான் 2023 மார்ச்சில் அந்தச் செய்தி வந்தது. அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹெரிக்கும் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்காட் ஹென்ஸ்லியும், மாட் மான்ஸின் வடபக்கத்தில் ஓர் எரிமலை வாய் 1991 பிப்ரவரிக்கும் அக்டோபருக்கும் நடுவில் வடிவம் மாறியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். மாட் மான்ஸ் என்ற பெயரைப் படித்ததும் நெஞ்சு ஒரு கணம் அடித்துக்கொண்டது. நான் செங்குத்து என்று சொன்ன அதே மலை. முப்பது வருடமாக எல்லோருக்கும் எட்டும் இடத்தில் கிடந்த அதே பட்டைகள்.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கறை, பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இன்னொரு கறை. அந்தப் படங்களில் ஒரு புள்ளி 75 மீட்டர். அந்த வாய் முழுக்கவே இருபது முப்பது புள்ளி அகலம்தான். ஒன்று இடப்பக்க வெளிச்சம், இன்னொன்று வலப்பக்க வெளிச்சம், ஆகவே மாறாத ஒரு குழியே இரண்டிலும் வேறு மாதிரித்தான் தெரியும். எது நிஜமான மாற்றம், எது பார்க்கும் திசையால் வந்த மாற்றம் என்று பிரிக்கவே முடியவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு காரியம் செய்தேன். படத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, பிப்ரவரிப் படத்தில் ரேடார் எங்கே இருந்தது என்று ஒரு அம்புக்குறி போட்டேன். அக்டோபருக்கும் ஒன்று. அந்த அம்பின் பக்கமிருந்து, ஒரு கையை டார்ச் மாதிரி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுவராக யோசித்தேன். இது என்னைப் பார்க்கிறது, வெளுக்க வேண்டும். இது முதுகு காட்டுகிறது, கறுக்க வேண்டும். அப்போதுதான் மெல்லப் பிடிபட்டது. பிப்ரவரியில் அந்த வாய் ஏறக்குறைய வட்டம், சுவர்கள் செங்குத்தாக உள்ளே இறங்குகின்றன. அக்டோபரில் வட்டம் கோணலாகி நீண்டிருக்கிறது, இறங்க வேண்டிய சுவரைக் காணோம். உள்ளே எதுவோ விளிம்புவரை நிரம்பிக் கிடக்கிறது. குழம்பு ஏரியாக இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. 2.2 சதுர கிலோமீட்டராக இருந்தது ஏறக்குறைய 4 சதுர கிலோமீட்டர் ஆகியிருக்கிறது.

எனக்கு இது தெரிந்தது, எங்கே பார்க்க வேண்டும் என்று இன்னொருவர் விரல் நீட்டிக் காட்டிய பிறகு. ஹெரிக்குக்கு யாரும் காட்டவில்லை. சுமார் 200 மணி நேரம் பட்டைகளை வெறும் கண்ணால் ஒப்பிட்டுத் தேடியிருக்கிறார். கிடைத்த பிறகும் அவசரப்படவில்லை. ஹென்ஸ்லி அந்த வாய்க்குப் பல வடிவங்களைக் கணினியில் செய்து, ஒவ்வொன்றும் இரண்டு திசையிலிருந்தும் ரேடாருக்கு எப்படித் தெரியும் என்று கணக்கிட்டுப் பார்த்தார். மாறாத ஒரே வடிவம் இரண்டு படத்தையும் தர வழியில்லை என்ற முடிவுக்கு அதன் பிறகுதான் வந்தார்கள். நான் கையை டார்ச்சாக வைத்துக்கொண்டு செய்ததை அவர்கள் முறையாகச் செய்தார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நடுவில் இருக்கும் எட்டு மாதத்துக்கும் ஒரு காரணம் உண்டு. வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள் ஆகிறது. மகெல்லனின் பாதை விண்வெளியில் ஏறக்குறைய அப்படியே நிற்க, கோள் மெதுவாக அதன்கீழ் திரும்பியது. பிப்ரவரியில் கீழே வந்த இடம் மறுபடி கீழே வர அக்டோபர் ஆகும். அந்தக் கோளின் ஒரு சுழற்சிக்குள், மலையின் ஒரு வாய் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பெருத்திருக்கிறது. அடுத்த வருடமே, 2024-இல், இத்தாலிய ஆய்வாளர்கள் சிஃப் மான்ஸின் மேற்குச் சரிவிலும் நியோபி சமவெளியிலும் 1990-க்கும் 1992-க்கும் இடையில் புதிதாகப் படிந்த குழம்பின் அடையாளங்களைக் கண்டதாக அறிவித்தார்கள். அதுவும் அதே பழைய பட்டைகளில்தான்.

இதையெல்லாம் படித்த பிறகு அந்த வண்ணப் படத்தின்மேல் இருந்த கோபம் குறைந்துவிட்டது. ஆனால் ஒன்று உறைத்தது. அந்த அழகான முப்பரிமாணப் படத்துக்குள் இந்த வாயும் இருக்கத்தான் செய்கிறது. மலையை இழுத்து நீட்டிய படத்தை நான் வருடக்கணக்கில் பார்த்தேன்; அதில் உயரத்தைத் தவிர வேறெதையும் தேடத் தோன்றவில்லை. இனி போகப்போகும் வெரிடாஸ், என்விஷன் விண்கலங்கள் இன்னும் நுணுக்கமான ரேடாரோடு போகின்றன. மலையின் உயரம் அப்போதும் 5 கிலோமீட்டர்தான். ஒப்பிடுவதற்குப் பட்டைகள் கூடும், அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

மூன்று தாள்

போன மாதம் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஏ4 தாள் மூன்றை நீளவாக்கில் ஒட்டினோம். 1 மில்லிமீட்டருக்கு 1 கிலோமீட்டர், மேலேயும் பக்கவாட்டிலும் ஒரே அளவு, எதையும் கூட்டக் கூடாது என்று பேசிக்கொண்டோம். முதலில் ஒலிம்பஸ் மான்ஸ். மூன்று தாளின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை ஓடுகிறது, உயரம் 22 மில்லிமீட்டர், கட்டைவிரல் அகலம்தான். அப்புறம் அதன் கீழே மாட் மான்ஸ். 400 மில்லிமீட்டர் நீளத்துக்கு அடிக்கோடு போட்டாள். நடுவில் 5 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு புள்ளி வைத்து, இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்து இறக்கினாள். கொஞ்ச தூரம் தள்ளி வைத்துப் பார்த்தால் ஒரே கோடாகத்தான் தெரிந்தது.

"இது மலையாப்பா?"

"ஆமாம்மா. அன்னிக்கு நான் செங்குத்துன்னு சொன்னது தப்பு. இதுதான் அது."

விரலால் கோட்டை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தடவிப் பார்த்தாள். "அப்போ சூடு மட்டும் இல்லைன்னா சைக்கிள்லயே போயிடலாம்."

போயிடலாம்தான். 40 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம், நாள் முழுக்க மிதிக்கலாம்.

அந்த வாயையும் வரைய வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். வடபக்கச் சரிவில் தோராயமாக ஒரு இடம் பார்த்தோம். இரண்டு வாயையும் வட்டம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக் கொடுத்தேன்: பிப்ரவரிக்கு 1.7 மில்லிமீட்டர், அக்டோபருக்கு 2.3. கோட்டின் மேலே பிப்ரவரிப் புள்ளியை வைத்தாள், அதன் பக்கத்திலேயே அக்டோபர் புள்ளியை. இரண்டும் ஒரே அளவாக வந்துவிட்டன. அழித்துவிட்டு மறுபடி வைத்தாள், மறுபடியும் அப்படியே. எழுந்து போய்ப் பென்சிலை நன்றாகச் சீவிக்கொண்டு வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது முறை வைத்தாள். குனிந்து, மூக்கு தாளில் படுகிற தூரத்திலிருந்து பார்த்தேன். ஒன்று மற்றதைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருந்தது.